இருசம்மாள் போட்ட காது

மலாக்காவில், புக்கிட் ரம்பாயில் அப்துல் லத்தீப்பின் கடைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது முன்பக்கத்துக் கண்ணாடி அறையைத்தான். அங்கே சங்கிலி, கொக்கி, கப்பி எல்லாம் வரிசையாகத் தொங்கும். லத்தீப்பின் மகள் ஆதிலா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆர்டர் எழுதிக்கொண்டிருப்பாள். ஆனால் விவரம் தெரிந்த ஆள் அந்த அறையில் நிற்கமாட்டான். "பின்னால அக்கா இருக்காங்கதானே?" என்று கேட்டுக்கொண்டே கொட்டகைக்கு நடந்துவிடுவான்.

அக்கா என்றால் இருசம்மாள். வயது ஐம்பத்தைந்து ஆகிறது. ஒல்லி உடம்பு, ஆனால் மணிக்கட்டு மட்டும் ஆம்பிளை மணிக்கட்டு. இரும்புக் கயிற்றுக்குக் காது போடுவதுதான் அவள் வேலை. கட்டைவிரல் தடிமன் கயிற்றின் நுனியை மடக்கி வளையமாக்கி, அந்த நுனியைக் கயிற்றின் உடம்புக்குள்ளேயே செருகிச் செருகி, பாரம் ஏறினாலும் உருவிக்கொண்டு வராதபடி செய்யவேண்டும். முன்னறையில் அதை இங்கிலீஷில் 'ஐ', அதாவது கண், என்பார்கள். இருசம்மாளுக்கு அது காது. ஊசிக்குக் காது இருக்கிற மாதிரி கயிற்றுக்கும் காது.

இரும்புக் கயிறு என்பது ஒரே கம்பி இல்லை. ஆறு புரி முறுக்கிக்கொண்டு ஓடும். நடுவே எண்ணெயில் ஊறிய சணல் திரி. ஒவ்வொரு புரிக்குள்ளும் எத்தனையோ மெல்லிய கம்பி. நுனியை ஒரு கை நீளத்துக்குப் பிரித்து, கயிற்றை வைஸ் என்கிற இரும்பு இடுக்கியில் இறுக்கி, முள் என்று அவள் சொல்கிற இரும்புக் கம்பியால் புரிகளை நெம்பித் திறந்து, பிரித்த புரியை அந்தச் சந்துக்குள் விட்டு இழுக்க வேண்டும். ஆறு புரியும் ஒரு தடவை உள்ளே போனால் ஒரு சுற்று. அப்படி ஐந்து சுற்று. அதன்மேல் மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றிக் கட்டிவிட்டால் பார்க்க மொழுமொழுவென்று இருக்கும், கையையும் குத்தாது.

கடையில் அழுத்துகிற மெஷினும் இருக்கிறது. அலுமினியக் குழாயை மாட்டி அழுத்தினால் ஒரு நிமிஷத்தில் காது தயார். ஆனாலும் செம்பனையிலிருந்து எண்ணெய் எடுக்கிற ஆலைக்காரர்களுக்கு அந்தக் குழாய் ஆகிவராது. பழக் குலைக் கூண்டுகளைத் தண்டவாளத்தில் இழுக்கும்போது இடறும், உருளையில் மாட்டும். அவர்கள் எல்லாம் கொட்டகைக்குத்தான் வருவார்கள். இருசம்மாளுக்கு வேலை குறைந்த வாரம் என்று ஒன்று கிடையாது.

புதிதாக வருகிறவன் யாராவது தயங்குவான்.

"தாங்குமா ஆன்ட்டி?"

"எத்தனை டன்னுக்குக் கேட்ட?"

"ரெண்டு."

"நாலு டன் வச்சு இழுத்துப் பார்த்துத்தான் குடுப்போம். உன் கொக்கி வளைஞ்சாலும் என் காது வளையாது. போய் லாரியைத் திருப்பி நிறுத்து, போ."

இந்தப் பேச்சு அவளுக்குப் பிறவியிலேயே வந்தது. அப்பா வீராசாமியும் அப்படித்தான். பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். கித்தா மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டபோது, "மரம் மாறினா என்ன, கை மாறலையே" என்று அடுத்த நாளே குலை வெட்டும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு போன மனிதர். வீராசாமிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளைச் சிலாண்டார் ஊரில் கட்டிக் கொடுத்தார். அவளுடைய மகள்தான் திலகவதி. நடுப்பிள்ளை இருசம்மாள். அவளை வெளியே கொடுக்கவில்லை. வீராசாமியின் கூடப்பிறந்த அக்காள் மகன் சேகரனுக்கே கட்டி வைத்தார்கள். ஏழு வருஷம் தள்ளிப் பிறந்த கடைக்குட்டி காந்தன். அம்மா காய்ச்சலில் போனபோது காந்தனுக்கு நாலு வயது. பெரியவள் அதற்குள் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆகவே காந்தனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டது எல்லாம் இருசம்மாள்தான். இன்றைக்கும் அவன் நாலு பேர் நடுவில் "எங்க அக்கா" என்று ஆரம்பித்தால் சீக்கிரம் நிறுத்தமாட்டான்.

கயிற்று வேலையை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இருபத்தைந்து வயதில் தோட்டத்து ஆலையில் பட்டறை கூட்டும் வேலைக்குப் போனாள். பட்டறைக்குப் பின்னால் கழித்துப் போட்ட கயிறுகள் குவிந்து கிடக்கும். மாதம் ஒரு தடவை வெளியிலிருந்து ஒரு காண்டிராக்டர் வந்து புதுக் காது போட்டுவிட்டுப் போவார்; யாரையும் பக்கத்தில் விடமாட்டார். இருசம்மாள் அவரிடம் கேட்கவே இல்லை. பழைய காது ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்து, கொல்லைப்பக்கம் உட்கார்ந்து பெரிய ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு செருகலாகப் பின்னோக்கி அவிழ்த்தாள். எந்தப் புரி எங்கே நுழைந்து எங்கே வந்தது என்று சிமெண்டுத் தரையில் கரியால் கோடு போட்டு வைத்தாள். பிறகு அதே வழியில் திரும்பச் செருகினாள். முதல் காது கோணிக்கொண்டு நின்றது.

"இது காதா, கருவாடா?" என்று கேட்டான் சேகரன்.

"இரு, உன் கழுத்துக்குத்தான் அடுத்தது போடுறேன்."

ஒரு வருஷம் அவிழ்த்தாள், போட்டாள், அவிழ்த்தாள். அப்புறம் ஒரு நாள் ஆலையில் கூண்டு இழுக்கிற கயிறு அறுந்துபோய், காண்டிராக்டருக்கு ஆள்மேல் ஆள் அனுப்பியும் வராமல், மேனேஜர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்து நின்றாள். சாயங்காலம் கூண்டு ஓடியது. மறுநாள் முதல் துடைப்பம் வேறு ஒருத்தி கைக்குப் போனது.

தோட்டம் கைமாறி, வீட்டைக் காலி பண்ணச் சொன்னபோது அவளும் சேகரனும் பாயா ரும்புட்டுக்கு வந்தார்கள். சேகரனுக்குச் செங் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் லாரி ஓட்டும் வேலை. இருசம்மாள் நேரே அப்துல் லத்தீப்பின் கடைக்குப் போனாள். அவர் நல்ல மனிதர், ஆனால் பொம்பளை வந்து கயிற்று வேலை கேட்டதை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"சமையல் வேலைக்குப் பக்கத்து ஃபேக்டரியில ஆள் எடுக்கிறாங்கம்மா."

"எனக்குச் சமையல் அவ்வளவா வராது அண்ணே. முள்ளைக் குடுங்க."

கொடுத்தார். அவள் போட்ட காதை இழுத்துப் பார்க்கும் மெஷினில் மாட்டினார்கள். மெஷினில் பாரம் காட்டுகிற முள் ஏற ஏற லத்தீப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒரு புரிகூட நகரவில்லை. பதினெட்டு வருஷமாக அந்தக் கொட்டகை அவளுடையது.

காது போடுவதில் இரண்டு வழி உண்டு. இது தெரிந்தால்தான் பின்னால் நடந்தது விளங்கும். ஒன்றைக் கடையில் 'சுத்து' என்பார்கள். செருகுகிற புரியைக் கயிற்றில் ஓடுகிற ஒரே புரியோடு சேர்த்து, கயிற்றின் முறுக்கு போகிற பக்கமாகவே கொடி மாதிரி சுற்றிச் சுற்றி விடுவது. சீக்கிரம் முடியும். இழுக்க இழுக்க இறுகும். இரண்டாவது 'பின்னல்'. முறுக்குக்கு எதிர்ப்பக்கமாக, ஒரு புரிக்கு மேலே, அடுத்ததற்கு அடியே என்று பாய் முடைகிற மாதிரி போவது. இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும், கையும் நோகும். தண்டவாளத்தில் கூண்டை இழுக்கிற கயிற்றுக்குச் சுத்து போதும். பாரத்தைத் தொங்கவிட்டுத் தூக்கினால் அது அந்தரத்தில் சுழலும். அதற்குப் பின்னல்தான் வேண்டும். பாரம் சுழன்றால் கயிற்றின் முறுக்கும் கூடவே பிரியும். முறுக்கோடு கொடி மாதிரி போன செருகல் அதோடு சேர்ந்து மெதுவாக வெளியே வந்துவிடும். மேலே சுற்றிய கட்டுக்கம்பி மறைத்துக்கொண்டிருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது.

போன மாசி மாதம் காந்தன் வேலை பார்க்கிற ஆலையிலிருந்து இரண்டு கயிறு கேட்டு வந்தது. காந்தன் இப்போது ஜாசின் பக்கம் வேறொரு செம்பனை ஆலையில் ஃபிட்டர். கூண்டு இழுக்கிற வின்ச்சு மெஷினுக்கு என்று ஆர்டரில் தெளிவாக இருந்தது. இருசம்மாள் சுத்து போட்டு, இழுத்துப் பார்த்து, எத்தனை டன் என்று அடித்த தகட்டை மாட்டி அனுப்பினாள். அதோடு மறந்தும் போனாள்.

வைகாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜாசினில் ஒரு மண்டபத்தில் திலகவதிக்கு நிச்சயம். மாப்பிள்ளை அலோர் காஜா ஊர்ப் பையன். இருசம்மாள் மாம்பழ நிறப் பட்டுக் கட்டிக்கொண்டு, பெரியக்காவுக்கு ஒத்தாசையாகத் தட்டுகளை அடுக்கிவிட்டு, அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். எதிரில் சேகரன். பக்கத்தில் காந்தன் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"மெதுவாடா. தட்டு மாத்துறதுக்குள்ள நீ பாயாசத்துக்கு வந்துட்ட."

"மூணு மணிக்கு ஆலையில இருக்கணும்க்கா. கிணத்துப் பம்ப்பு போயிருச்சு. ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் ஆலை நிக்கும். காலையில பாதி தூக்கி வச்சிட்டு ஓடி வந்தேன்."

"மீதிப் பாதியைத் தூக்கவா இத்தனை சோறு?" என்றான் சேகரன்.

"நீங்க லாரியில உட்கார்ந்தே திங்கறீங்க மாமா, நான் கேட்டேனா?" காந்தன் சிரித்தான். பிறகு அக்கா பக்கம் திரும்பினான். "கேளுக்கா இதை. தூக்கறதுக்குக் கயிறு இல்லைன்னு நேத்து எல்லாரும் அல்லாடுறாங்க. எஞ்சினியர் வெளியில சொல்லி எடுக்கலாம்னாரு. நான்தான் சொன்னேன், எதுக்கு வெளியில? வின்ச்சு ரூம்பில எங்க அக்கா போட்ட கயிறு சும்மா ஒண்ணு கிடக்கு. எங்க அக்கா கை பட்டா அது எதுக்கும் தாங்கும் லா."

இருசம்மாளுக்கு முதலில் உச்சி குளிர்ந்தது. மறுநொடி, பிசைந்துகொண்டிருந்த விரல் நின்றது.

"வின்ச்சு கயிறா? இழுக்கிறதுக்கு அனுப்புனதா?"

"அதேதான்."

"எப்படி மாட்டின?"

"ஒரு காது மேல செயின் பிளாக் கொக்கியில. இன்னொரு காது பம்ப்புக் குழாய் தலையில."

"ஒத்தையா?"

"ஒத்தையாத்தான்."

"சுத்துச்சா?"

"சுத்தாம? ராட்டினம் மாதிரி சுத்துச்சு. நான் கிணத்துக்குள்ள நின்னு கையாலப் பிடிச்சு நிறுத்தினேன்."

"நீ அடியில நின்னியா?"

"போல்ட்டை யாரு கழட்டுறது, மேனேஜரா? இப்ப போயி மறுபடி இறங்கணும். பம்ப்பைக் கிளாம்ப்பு போட்டு இரும்புச் சட்டத்து மேல உட்கார வச்சிருக்கு. அதைத் தூக்கி, அடுத்த குழாயைக் கழட்டி..."

இருசம்மாள் இலையை மூடினாள். கை கழுவிவிட்டு வந்து, "நானும் வரேன், எந்திரி" என்றாள்.

பெரியக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னால சின்னம்மாக்காரி எந்திரிச்சுப் போனா நல்லாவா இருக்கும்? அப்படி என்னடி அவசரம்?"

"காந்தன் தலைக்கு மேல நான் போட்ட கயிறு தொங்கப்போவுது. அது தொங்கற கயிறு இல்ல."

பெரியக்காவுக்கு அது விளங்கவில்லை. ஆனால் தங்கையின் முகம் விளங்கியது. திலகவதிதான் மேடையிலிருந்து, "சின்னம்மா, பூவை மட்டும் வச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டாள். இருசம்மாள் ஏறி, அவள் தலையில் பூவை வைத்து, கன்னத்தை வழித்து நெற்றியில் சொடுக்கிவிட்டு இறங்கினாள்.

காந்தன் மோட்டார் சைக்கிளில் முன்னால் போக, சேகரனின் பழைய வாஜா கார் பின்னால் போனது. இரண்டு பக்கமும் செம்பனை. சேகரன் ஓட்டிக்கொண்டே கேட்டான்.

"நீ போட்டதுதானே? அப்புறம் எதுக்குப் பயப்படுறே?"

"நான் போட்டதாலதான் அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். பயம் இல்ல. வேகமா ஓட்டு."

ஆலையில் இயந்திரம் ஒன்றும் ஓடவில்லை. குளக்கரை ஓரம் கிணறு. மேலே இரும்புச் சட்டம், அதில் செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பி. கீழே இருபதடி ஆழத்தில் கலங்கிய தண்ணீர். எஞ்சினியர் ரிஸால் மலாக்கா டவுன் பையன். முப்பது வயது இருக்கும். பட்டுப்புடவையில் ஒரு அம்மா வேகமாக வருவதைப் பார்த்து யாரோ வழிதவறி வந்துவிட்டார்கள் என்று நினைத்தார்.

"இவங்கதான் சார் எங்க அக்கா" என்றான் காந்தன். "கயிறு போட்டவங்க."

"ஓ! அருமையான வேலைம்மா. காலையில நல்லாத் தூக்குச்சு."

"அதை இனிமே மாட்டாதீங்க தம்பி."

ரிஸால் கைபேசியைத் திறந்து கடைச் சீட்டைக் காட்டினார். "இதுல ரெண்டு மடங்கு பாரம் வச்சு இழுத்துப் பார்த்ததா இருக்கேம்மா. இந்தப் பம்ப்பும் குழாயும் அதுல பாதிகூட வராது."

"நேரா இழுத்துப் பார்த்த சீட்டு தம்பி அது. அந்த மெஷின் கயிற்றைச் சுழல விடாது. இங்க சுழலுது. நான் இதுல போட்டிருக்கிறது முறுக்கோட போற செருகல். சுழன்றா வெளியே வரும்."

"மேலே பார்த்தேன், ஒண்ணுமே அசையலையே."

"மேலே தெரியாது. கட்டுக்கம்பி மூடியிருக்கு. ஒரு கட்டர் குடுங்க, பிரிச்சுக் காட்டுறேன்."

"பிரிச்சா கயிறு வீணாயிரும். இது ஒண்ணுதான் இருக்கு. இன்னிக்குப் பம்ப்பு ஏறலைன்னா நாளைக்கு ஆலைக்குத் தண்ணி இல்ல, வெளியே குலை லாரி வரிசை கட்டி நிக்கும்." ரிஸால் அவளைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். "நிச்சயமாத் தெரியுமாம்மா?"

"நான் சொல்றது பொய்யா இருந்தா, இனிமே உங்க ஆலைக்கு நான் காது போடலை."

கட்டர் வந்தது. ஆறேழு பேர் சுற்றி நின்றார்கள். இருசம்மாள் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு கட்டுக்கம்பியின் நுனியைக் கிள்ளி, ஒவ்வொரு சுற்றாக உரித்தாள். கொக்கிப் பக்கத்துக் காது அது. கடைசிச் சுற்று உரிந்ததும், அடியில் மடங்கிக் கிடந்த இரண்டு புரிகள் தாமாகவே விரிந்து நின்றன. ஐந்தாவது சுற்றுச் செருகலில் இருக்க வேண்டியவை. முழுசாக வெளியே வந்திருந்தன. நாலாவது சுற்றுச் செருகலிலும் ஒன்று தளர்ந்து, அவள் விரலால் தொட்டதும் ஆடியது.

காந்தன் "அட" என்றான், சின்னக் குரலில்.

இருசம்மாள் ஆடிய புரியை விரலால் அழுத்திப் பிடித்தாள். வெளியே வரும் என்று வாயால் சொன்னது வேறு; தன் கை போட்டது கண் முன்னால் விரிந்து நிற்பதைப் பார்ப்பது வேறு. காலையில் இதற்கு அடியில் நின்றுதான் அவன் பம்ப்பைப் பிடித்து நிறுத்தியிருக்கிறான். இன்னும் இரண்டு மூன்று தடவை சுழன்றிருந்தால்... அதற்குமேல் அவள் நினைக்கவில்லை. கைக்கு இப்போது வேலை இருக்கிறது.

"தம்பி, ரெண்டு மணி நேரம் குடுங்க. ரெண்டு காதையும் வெட்டிட்டுப் புதுசாப் பின்னல் போடுறேன். கயிறு கொஞ்சம் குட்டையாகும், பரவாயில்லதானே?"

"நீளம் நிறையவே இருக்கு. ஆனா உங்க சாமான் ஒண்ணும் இங்க இல்லையேம்மா?"

"வைஸ் இருக்கா? சுத்தியல் இருக்கா? தோல் கையுறை ஒரு ஜோடி. முள் மட்டும் பண்ணணும். டேய் காந்தா, கைப்பிடி நீளத்துக்கு ஒரு நல்ல உருக்குக் கம்பி எடுத்து கிரைண்டர்ல தேய். ஊசி மாதிரி கூரா வேணாம், அது சணலைக் கிழிச்சிரும். நாக்கு மாதிரி தட்டையா, வழவழன்னு வேணும்."

பட்டுக்கு மேலே யாரோ கொடுத்த ஆலைச் சட்டையை மாட்டிக்கொண்டாள். அது முழங்கால் வரை தொங்கியது.

"மேனேஜரே தோத்தாரு" என்றான் சேகரன்.

"பேசாம அந்தப் பக்கம் பிடி."

பழைய காதுகளை வெட்டி எறிந்தார்கள். வளையம் நசுங்காமல் இருக்க உள்ளே வைத்திருந்த லாடம் போன்ற இரும்பு வளைவுகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். வைஸில் இறுக்கியதும் அவள் வேறு ஆள். முள்ளைச் சந்தில் வைத்து ஒரு நெம்பு, புரி வாயைத் திறக்கும், செருகு, காந்தன் இழுப்பான், சுத்தியலால் இரண்டு தட்டு. மேலே ஒன்று, அடியே ஒன்று. மேலே ஒன்று, அடியே ஒன்று. கண் கையில்தான் இருந்தது, வாய் தம்பியிடம்.

"எனக்குத் தெரியாதுக்கா."

"உனக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லி அனுப்பல."

"அப்ப முதல்ல போட்டது மட்டமான வேலையா?"

"மட்டம்னு எவன் சொன்னான்? இழுக்கறதுக்கு அதைவிட நல்லது கிடையாது. நீதான் அதைக் கொண்டுபோய்த் தொங்கவிட்ட. ஊரெல்லாம் அக்கா அக்கான்னு பீத்துறதுக்குப் பதிலா, போன் எடுத்து அக்காவைக் கேட்டிருக்கலாம்ல?"

"உன் கை பட்டதை வேற எவன்கிட்ட கேக்கறதுன்னு இருந்துட்டேன்."

"என் கையும் கைதான்டா. சாமி கை இல்ல. இழு, தளர விடாதே."

முதல் காது நாலே காலுக்கு முடிந்தது; இரண்டாவது ஐந்தரைக்கு. இந்த முறை கட்டுக்கம்பி சுற்றவில்லை. புரி நுனிகள் வெளியே தெரியும்படி விட்டு, ஒவ்வொரு நுனியும் கயிற்றோடு சேர்கிற இடத்தில் வெள்ளைப் பெயிண்டால் கோடு போடச் சொன்னாள். நுனி இம்மி உள்ளே போனாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

ரிஸால் யோசனையோடு நின்றார். "இதுக்குச் சீட்டு இல்லையேம்மா."

"இல்லதான். அதனால முதல்ல ஆள் இறங்காமத் தூக்குங்க. ஒரு சாண் உயரம் போதும். அடியில கிளாம்ப்பு அப்படியே இருக்கட்டும். பம்ப்பை நல்லாச் சுழல விடுங்க, நான் கோட்டைப் பார்க்கிறேன். அப்புறம் ஆள் இறங்குறப்ப மட்டும் பம்ப்பில ஒரு சணல் கயிறு கட்டி, மேலே நின்னு ரெண்டு பேர் பிடிச்சுக்கணும், சுழலவே கூடாது. நாளைக்குக் கயிற்றைக் கடைக்கு அனுப்புங்க, இழுத்துப் பார்த்துச் சீட்டுத் தரேன்."

ரிஸால் தலையசைத்தார். செயின் பிளாக் கடகடவென்று சத்தம் போட்டது. பம்ப் சட்டத்தை விட்டு ஒரு சாண் எழும்பி, கொஞ்சம் தயங்கி, பிறகு சுழல ஆரம்பித்தது. இந்தப் பக்கம் ஐந்து சுற்று, நின்று, அந்தப் பக்கம் ஐந்து சுற்று. இருசம்மாள் ஏணியில் ஏறி மேல் காதுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள். பத்து நிமிஷம். யாரோ தேத்தண்ணி வேணுமா என்று கேட்டார்கள். அவள் காதில் விழவில்லை. மேலே ஆறு கோட்டையும் பார்த்தாள்; இறங்கி வந்து கீழ்க் காதில் இருந்த ஆறையும் பார்த்தாள். ஒரு கோடும் உடையவில்லை.

காந்தன் இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு அக்கா முகத்தையே பார்த்தபடி நின்றான். எஞ்சினியர் சொல்லட்டும் என்று அவன் காத்திருக்கவில்லை.

"இறங்கு" என்றாள்.

அவன் இறங்கினான். அவன் தலை கிணற்று விளிம்புக்குக் கீழே போனதும் இருசம்மாள் கயிற்றுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். கீழிருந்து ஸ்பேனர் சத்தமும், போல்ட் தண்ணீரில் விழுந்த சத்தமும், அவன் அதைத் திட்டுகிற சத்தமும் வந்தன. ஒவ்வொரு குழாயாகக் கழன்று மேலே வந்தது. கடைசியில் சேறு வடிய பம்ப் வந்தது. அதற்கும் பிறகு காந்தன் வந்தான், முழங்கால் வரை நனைந்து.

"ரெண்டு போல்ட்டைத் தண்ணிக்குக் குடுத்துட்டேன் சார்" என்றான் ரிஸாலிடம்.

இருசம்மாள் சட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்தாள். பட்டில் முந்தானை ஓரம் கிரீஸ் ஒட்டியிருந்தது. அதை மறைத்துச் செருகிக்கொண்டு காருக்கு நடந்தாள்.

திங்கட்கிழமை காலையில் முள்ளை எடுப்பதற்கு முன்னால் கண்ணாடி அறைக்குப் போனாள். அப்துல் லத்தீப் அப்போதுதான் வந்திருந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கேட்டு முடிக்கும்வரை தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்தியிருந்தார்.

"தப்பு நம்மமேல இல்லையேம்மா. ஆர்டர்ல வின்ச்சுன்னுதானே எழுதியிருக்கு?"

"வின்ச்சுன்னு வாங்கிட்டுப் போறவன் அதை வின்ச்சுலேயே வச்சிருப்பான்னு நமக்கு எப்படித் தெரியும் அண்ணே? நல்ல கயிறுன்னு பேர் வாங்கினா, எடுத்து எதுக்கும் மாட்டத்தான் செய்வாங்க. இனிமே நான் எல்லாத்துக்கும் பின்னல்தான் போடுவேன்."

"சுத்துன்னா ஒரு நாளைக்கு எட்டு காது போடலாம், பின்னல்னா நாலுதான்."

"ஆகட்டும்."

லத்தீப் அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார். "ஆதிலா, அத்தை என்ன கேக்கறாங்களோ எடுத்துக் குடு."

அவள் கேட்டது, சுத்து போட்டு வெளியே போன கயிறுகளின் கணக்கு. ஆதிலா பட்டியல் எடுத்தாள். தூக்குகிற கயிற்றுக்கெல்லாம் முன்பிருந்தே பின்னல்தான் என்பதால், காந்தன் ஆலையில் மிச்சம் இருந்ததையும் சேர்த்து இந்த வருஷத்தில் மொத்தமே ஒன்பது. அதற்கு முந்தியதெல்லாம் தேய்ந்து கழித்தாகிவிட்டது என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஆதிலா எண்ணைப் போட்டுக் கொடுக்க, இருசம்மாளே பேசினாள். "நான்தான் போட்டேன். அதை அனுப்பி வைங்க, மாத்தித் தரேன். அதுவரைக்கும் எதையும் அதுல தொங்கவிடாதீங்க." சிலர் சிரித்தார்கள். ஒருவர் எதற்கு இந்தத் தொல்லை என்றார். அவள் மறுபடி மறுபடி அதையே சொன்னாள்.

புதன்கிழமைக்குள் ஏழு வந்துவிட்டன. எட்டாவதை வெள்ளிக்கிழமை ஒரு லாரி கொண்டுவந்து போட்டது. ஒன்பதாவது மெர்லிமாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறது. யாரிடம் இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அதைத் தேடிப் போக, ஞாயிற்றுக்கிழமை காரை எடுக்கச் சொல்லிச் சேகரனிடம் சொல்லிவைத்திருக்கிறாள்.